வடவெல்லையும் சிலம்புச்செல்வரும்

நுழையும்முன்

நாட்டுப்படத்தில் எல்லைக்கோடு ஒரு மெல்லிய வரியாகவே தெரிகிறது. அவ்வரி ஒரு மலையின் எப்பக்கத்தில் செல்கிறது என்பதைப் பொறுத்து அம்மலையடியில் வாழும் மக்களின் பள்ளிமொழியும் அலுவலக மொழியும் நீதிமன்ற மொழியும் மாறிவிடுகின்றன. தமிழகத்தின் வடவெல்லையில் அவ்வரி எங்கே அமைய வேண்டும் என்னும் வினாவுக்காகத் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ம.பொ. சிவஞானம்.

இரு மலைகளுக்கு இடையே

செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்துள்ள கருங்குழி, ஒரு காலத்தில் அம்மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கிய பழைய கோட்டையூர். ஏரிகள் நிறைந்த சமவெளியில் அமைந்த இவ்வூரும், வடக்கே குன்றுகள் சூழ்ந்த முருகன் தலமான திருத்தணியும் 1960ஆம் ஆண்டு முதல் 1997ஆம் ஆண்டு வரை ஒரே மாவட்டத்தில் இருந்தன. திருவள்ளூர் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின்னரே அவை வெவ்வேறு மாவட்டங்களாயின. 1960க்கு முன்னர் திருத்தணி செங்கல்பட்டில் மட்டுமன்று, தமிழகத்திலேயே இல்லை என்பதைப் பலரும் அறியார்.

தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கே வேங்கட மலையையும் தெற்கே குமரியையும் எல்லைகளாகக் கூறுகிறது. வேங்கடத்துக்கும் திருத்தணிக்கும் இடைப்பட்ட குன்றுப்பகுதியில் தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாகக் கலந்து வழங்கிவந்தன. ஒரே தெருவில் இரு மொழியும் கேட்கும். ஒரே திருவிழாவில் இரு மொழியினரும் காவடி எடுப்பர். குடியரசுத் தலைவராக உயர்ந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888ஆம் ஆண்டு திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்து, திருத்தணி, திருப்பதி, வேலூர், சென்னை ஆகிய ஊர்களில் கல்வி பயின்றவர். எல்லைப்புற வாழ்வின் இயல்புக்கு இதுவே சான்று.

1911ஆம் ஆண்டு ஆங்கில அரசு சித்தூர் மாவட்டத்தை உருவாக்கியது. கார்வேட்நகர் ஜமீனைச் சேர்ந்த திருத்தணிப் பகுதியும் அதனுள் அடங்கியது. அந்நாளில் இருமொழி மக்களும் சென்னை மாகாணம் என்னும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தமையால், மாவட்டக் கோடு யாரையும் உறுத்தவில்லை. மொழிவழி மாநிலம் என்னும் கோரிக்கை வலுப்பெற்றபோதுதான் அக்கோட்டின் பொருள் மக்களுக்குப் புலப்பட்டது.

அச்சுக்கூடத்தில் கற்ற தமிழ்

சிவஞானம் 1906ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் சென்னையில் ஆயிரம் விளக்கை அடுத்த சால்வன்குப்பத்தில், பொன்னுசாமி - சிவகாமி இணையருக்கு மகனாகப் பிறந்தார். வறுமை அவரை மூன்றாம் வகுப்போடு பள்ளியிலிருந்து வெளியேற்றியது. நெசவு முதலிய கூலி வேலைகளைச் செய்த அவர், பின்னர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் தொழிலாளியானார். பழைய புத்தகக் கடைகளில் குறைந்த விலைக்கு நூல்களை வாங்கிப் படித்தார். பசித்த வேளையிலும் கையிலிருந்த காசுக்கு நூல் வாங்கும் பழக்கம் அவரிடம் இருந்தது.

காங்கிரசுப் பேரியக்கத்தில் சேர்ந்து விடுதலைப் போரில் ஈடுபட்ட அவர், 1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது கைதாகி, வேலூர்ச் சிறையிலும் தொலைவிலுள்ள அமராவதிச் சிறையிலும் அடைக்கப்பட்டார். சிறையில் அவருடைய உடல்நலம் பெரிதும் சீர்குலைந்தது. எனினும் சிலப்பதிகாரத்தில் அவர் ஆழ்ந்து தோயச் சிறைவாழ்வு வாய்ப்பளித்தது. சேர, சோழ, பாண்டியர் என்னும் மூவேந்தரின் நாடுகளையும் ஒரே கதையில் பிணைக்கும் அக்காப்பியம், தமிழர் அனைவரையும் ஒன்றிணைக்கவல்லது என அவர் கருதினார். அதனைச் சிற்றூர் மேடைகள்தோறும் கொண்டுசென்றமையால் சிலம்புச்செல்வர் என்னும் சிறப்புப்பெயர் பெற்றார்.

வடவெல்லைப் போராட்டம்

1946ஆம் ஆண்டு அவர் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். மொழிவழி மாநிலங்கள் அமைவது மக்களாட்சிக்கு இன்றியமையாதது என்பது அக்கழகத்தின் கொள்கை. நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்டு மாதத்திலேயே அவர் தொண்டர்களுடன் திருப்பதிக்குச் சென்று, கடும் எதிர்ப்புக்கிடையே வேங்கடம் தமிழரின் எல்லை என முழங்கினார்.

அவருக்கு முன்பே அப்பகுதி மக்களிடையே தமிழுணர்வை வளர்த்துவந்தவர் தமிழாசிரியர் மங்கலங்கிழார். சிற்றூர்களில் எளிய மக்களுக்குத் தமிழ் கற்பித்து வந்த அவரும் ம.பொ.சி.யும் இணைந்தபோது போராட்டம் வேரூன்றியது. திருத்தணி, புத்தூர், சித்தூர் முதலிய இடங்களில் கூட்டங்களும் மறியல்களும் கடையடைப்புகளும் நடைபெற்றன.

1952ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள், ஆந்திர மாநிலம் வேண்டிச் சென்னையில் உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு உயிர்நீத்தார். அதனையடுத்து ஆந்திர மாநிலம் அமைக்க நடுவணரசு முடிவு செய்தது. தெலுங்கு மக்கள் தனி மாநிலம் பெறுவதை ம.பொ.சி. எதிர்க்கவில்லை. தமக்கு வேண்டும் உரிமையைப் பிறருக்கு மறுத்தல் முறையன்று என்பது அவர் நிலைப்பாடு. ஆனால், சென்னை நகரின் மீது எழுந்த உரிமைக் கோரிக்கையை அவர் உறுதியுடன் எதிர்த்தார். மேயர் செங்கல்வராயன் முதலியோர் அவருக்குத் துணைநின்றனர். 1953 மார்ச்சு 25ஆம் நாள், ஆந்திரத்தின் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையும் எனப் பிரதமர் நேரு அறிவித்ததால் சென்னை காக்கப்பட்டது.

மலைப்பகுதியின் கதை வேறாயிற்று. மாநிலம் பிரிக்கப்பட்டபோது மாவட்டமே அலகாகக் கொள்ளப்பட்டது. சித்தூர் மாவட்டம் முழுவதும் தெலுங்கு மாவட்டமாகக் கணக்கிடப்பட்டு, 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திரத்துடன் சேர்ந்தது. தமிழர் மிகுந்து வாழ்ந்த திருத்தணியும் அதனோடு சென்றது. ம.பொ.சி. சிறை புகுந்தார். கோவிந்தசாமி, மாணிக்கம் என்னும் இரு தொண்டர்கள் சிறைவாழ்வில் உயிர் துறந்தனர். 1953ஆம் ஆண்டிலேயே மங்கலங்கிழாரும் மறைந்தார். எல்லைப் போராட்டத்தைக் கைவிட மறுத்த ம.பொ.சி., தம்மை வளர்த்த காங்கிரசை விட்டே 1954ஆம் ஆண்டில் வெளியேற நேர்ந்தது.

ஊரே அலகு

மாவட்டத்தை அலகாகக் கொள்ளாமல் ஊரை அலகாகக் கொள்ள வேண்டும் என்னும் கோரிக்கை நாளடைவில் வலுப்பெற்றது. இரு மாநிலங்களுக்கும் நடுவராக எச்.வி. படாஸ்கர் அமர்த்தப்பட்டார். ஒவ்வோர் ஊரிலும் பெரும்பான்மையோர் பேசும் மொழி எது, அவ்வூர் எம்மாநிலத்தோடு நிலத்தொடர்பு உடையது என்பவற்றைக் கொண்டு எல்லை வகுக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறியது. 1960 ஏப்ரல் முதல் நாள், திருத்தணி உள்ளிட்ட 319 ஊர்கள் தமிழகத்துக்கு வந்து செங்கல்பட்டு மாவட்டத்தோடு இணைந்தன.

அதே அளவுகோல் மறுபக்கமும் பொருந்தியது. செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து சத்தியவேடு உள்ளிட்ட 148 ஊர்களும், சேலம் மாவட்டத்திலிருந்து 3 ஊர்களும் ஆந்திரத்துக்குச் சென்றன. திருப்பதி, காளத்தி, சித்தூர், நகரி ஆகியவை ஆந்திரத்திலேயே நின்றன. ம.பொ.சி. கேட்டது வேங்கடம், கிடைத்தது தணிகை. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை என்னும் வருத்தம் அவருக்கு இறுதிவரை இருந்தது. ஆயினும் அவரும் அவர்தம் தோழர்களும் போராடியிராவிடில், மாவட்டக் கோடே மாநில எல்லையாக நிலைத்திருக்கும், தணிகையும் கிடைத்திராது.

எஞ்சிய பணிகள்

சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிட வேண்டும் என்று அவர் தொடர்ந்து வலியுறுத்தினார். 1969 ஜனவரி 14ஆம் நாள் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. கப்பலோட்டிய தமிழன் என்னும் நூலால் வ.உ. சிதம்பரனாரின் ஈகத்தை மக்களுக்கு நினைவூட்டினார். வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு என்னும் நூலுக்காக 1966ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். எனது போராட்டம் என்னும் தன்வரலாற்றை எழுதினார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு நீங்கிய அவர், தமிழகச் சட்ட மேலவையின் தலைவராகவும் திகழ்ந்து, 1995 அக்டோபர் 3ஆம் நாள் இயற்கை எய்தினார்.

மாநிலங்கள் மொழிவழி அமைந்த நவம்பர் முதல் நாளைத் தமிழக அரசு எல்லைப் போராட்டத் தியாகிகளின் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கிறது. இன்றும் திருத்தணியில் தெலுங்கும், நகரியிலும் சித்தூரிலும் தமிழும் ஒலிக்கின்றன. ஆடிக்கிருத்திகையன்று எல்லைக்கு இருபுறத்திலிருந்தும் மக்கள் காவடி சுமந்து தணிகை மலையின் படிகளில் ஏறுகின்றனர். ஆட்சியின் எல்லை எங்கேனும் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். அது மக்களின் மொழியை மதித்து நிற்க வேண்டும் என்பதற்காகவே சிலம்புச்செல்வர் உழைத்தார்.