சுங்கச் சாவடியில் நின்ற சிந்தனை

மாலை வேளையில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலின் முன் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே ஊர்திகள் நகர்வது எத்துணை அரிது என்பது! அந்தச் சந்தியின் நெரிசலைக் கணிப்பொறிக்குள் நடத்திக் காட்டும் நிரல் ஒன்றை இறுதியாண்டுப் பணியாக எழுத முற்பட்டேன். பேருந்துக்கு ஒரு பகுதி, லாரிக்கு ஒரு பகுதி, ஆட்டோவுக்கு ஒரு பகுதி. வரிசையில் நிற்கும் விதியை மூன்று இடங்களிலும் எழுதினேன். ஒன்றைத் திருத்தினால் மற்ற இரண்டும் முரண்டு பிடித்தன. மூன்று வாரம் பாழ். அப்போதுதான் கிரிஸ்டன் நைகார்டின் வரலாறு என் கைக்குக் கிட்டியது.

நைகார்டு 1926இல் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் பிறந்தார். 1948இல் அந்நாட்டுப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, அணு உலைக்கான நெடிய கணக்குகளில் உழைத்தார். 1960இல் நார்வேக் கணிப்பு மையம் சென்று, ஓலே யோகான் டால் என்னும் நண்பருடன் சிமுலா என்ற மொழியைப் படைக்கலானார்.

முதலில் அவர்கள் போட்ட திட்டத்தில் நிலையங்களே வேலை செய்யும். வாடிக்கையாளர் அவற்றினூடே வாளாது நகர்வர். பின்னர் அந்த வேற்றுமையைக் கைவிட்டு, இருவகையையும் தாமே செயற்படும் பொருள்களாகக் கொண்டனர். 1964இன் இறுதியில் மொழி இயங்கத் தொடங்கியது. ஆயினும் ஒரு குறை அவர்களை உறங்கவிடவில்லை. 1966இன் இறுதியில், பாலத்துச் சுங்கச் சாவடி ஒன்றை எண்ணிப் பார்த்தனர். லாரியும் பேருந்தும் வரிசையில் நிற்கின்றன. வரிசையில் நிற்கும் இயல்பு இரண்டுக்கும் பொதுவன்றோ? அதை ஒருமுறை தனியே வரையறுத்து, அதன்மேல் லாரி தன் இயல்பையும் பேருந்து தன் இயல்பையும் சேர்த்துக்கொண்டால் என்ன? அந்தக் கேள்வியிலிருந்தே சிமுலா 67 என்னும் மொழியின் வகுப்பும் உள்வகுப்பும் பிறந்தன. நாம் இன்று தேர்வுக்குப் படிக்கும் சி பிளஸ் பிளஸ், ஜாவா எல்லாம் அதன் வழித்தோன்றல்களே.

மொழியோடு அவர் நின்றுவிடவில்லை. கணிப்பொறி ஆலைக்குள் நுழையும்போது அங்கே வேலை செய்பவர்க்கும் அதன் அமைப்பில் சொல்லுரிமை வேண்டுமென்று, 1970களில் இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் சேர்ந்து உழைத்தார். என் மனத்தைத் தைத்தது இதுதான். 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது நண்பர் இருவருக்கும் கிடைத்தது. 2002 ஜூனில் டால் மறைந்தார்; ஆகஸ்டில் நைகார்டும் மறைந்தார்.

எழுதியதை ஒதுக்கிவிட்டு, நோட்டுப் புத்தகத்துடன் பழவங்காடிக்குப் போனேன். அங்கே என்னென்ன பொருள்கள், ஒவ்வொன்றும் எதை அறியும், எதைச் செய்யும் என்று மட்டும் குறித்தேன். பக்கத்திலிருந்த தேங்காய்க் கடை அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் சிரித்தார். கோயிலுக்கும் சாலைக் கடைவீதிக்கும் கடந்து போகிற கூட்டந்தான் வண்டிகளை நிறுத்துகிறது என்றார். என் நிரலில் நடந்து செல்பவர் என ஒருவர்கூட இல்லை!

இப்போது நோட்டில் நான்காவது பெயர் ஏறியிருக்கிறது. காத்திருத்தல் என்பதைத் தனியே பிரித்து மேலே எழுதியிருக்கிறேன். புதிய நிரலில் இன்னும் ஒரு வரியும் எழுதவில்லை. ஒப்படைக்கப் பத்து நாள் இருக்கிறது.