பாலையில் பறவை கண்ட பேரறிஞர்

இந்திய நாட்டின் மேற்குக் கோடியில், அரபிக் கடலை அடுத்துக் கட்ச் என்னும் நிலப்பகுதி அமைந்துள்ளது. அதன் வடபால், ரண் எனப்படும் உவர்நிலம் கண்ணுக்கெட்டிய தொலைவும் விரிந்து கிடக்கிறது. கோடையில் அங்கு நிற்போர் வெண்ணிற உப்பையும் வெடித்த சேற்றையுமே காண்பர். மரமில்லை; நிழலில்லை; குடிப்பதற்கு நீருமில்லை. தொலைவில் நீர்போலத் தோன்றுவதும் வெறுங் கானலே. இத்தகைய நிலத்தில் உயிர்கள் வாழுமோ என்று ஐயுறுதல் இயல்பு. ஆயினும், பருவந்தோறும் இந்நிலத்தை நாடி வரும் பறவைகள் எண்ணிலடங்கா. அவற்றை ஊன்றி நோக்கி, இன்னின்ன காலத்தில் இன்னின்ன பறவை இங்கு வரும் என்று வகுத்துக் காட்டிய அறிஞர் ஒருவர் உண்டு. அவரே சலீம் அலி.

சலீம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். பிறந்து ஓராண்டிலேயே தந்தையை இழந்தார். மூன்றாம் வயதில் அன்னையையும் இழந்தார். பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தாய்மாமனாகிய அமீருத்தீன் தையப்ஜி தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று, அன்புடன் வளர்த்துவந்தார். மாமன் வேட்டையில் பெருவிருப்பம் உடையவர். ஆதலின் சிறுவன் சலீமுக்கும் வேட்டையே விளையாட்டாயிற்று. மாமன் அளித்த சிறிய காற்றுத் துப்பாக்கியால் அவன் சிட்டுக் குருவிகளைச் சுட்டு வீழ்த்துவான். பறவைகளின் காவலராகப் பிற்காலத்தில் விளங்கியவர் இளமையில் அவற்றின் பகைவராக இருந்தார் என்பது வியப்பன்றோ!

ஒரு நாள் அவன் வீழ்த்திய குருவி ஏனைய குருவிகளைப் போன்றதாக இல்லை. அதன் கழுத்தின் கீழே மஞ்சள் நிறத் திட்டு ஒன்று காணப்பட்டது. அஃது எவ்வகைப் பறவை என்று சிறுவன் வினவினான். மாமனுக்கு விடை தெரியவில்லை. அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் உறுப்பினர். ஆகவே, அக்கழகத்தின் செயலாளராகிய மில்லார்டு என்னும் ஆங்கிலேயரிடம் அவனை அனுப்பினார். மில்லார்டு சிறுவனை அன்புடன் வரவேற்றார். அது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று விளக்கினார். பேழைகளைத் திறந்து, பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். படிப்பதற்கு நூல்களும் தந்தார். சிறுவனது உள்ளத்தில் அன்று முதல் ஒரு புதிய ஆர்வம் பிறந்தது. பறவையை வீழ்த்தும் ஆசை மெல்ல மெல்லப் பறவையை அறியும் ஆசையாக மாறிற்று.

சலீம் அலிக்குக் கல்லூரிப் படிப்பு முறையாக வாய்க்கவில்லை. கணக்குப் பாடம் அவருக்குக் கசந்தது. 1914-ஆம் ஆண்டில் அவர் பர்மாவுக்குச் சென்று, தம் குடும்பத்தார் நடத்திய சுரங்கத் தொழிலிலும் மரத் தொழிலிலும் ஈடுபட்டார். ஆனால் அங்கும் அவர் நெஞ்சம் காட்டுப் பறவைகளின் பின்னேயே சென்றது. தொழில் நலிந்தது. பம்பாய்க்குத் திரும்பிய அவர், 1926-ஆம் ஆண்டில் அந்நகரின் பொருட்காட்சிச் சாலையில், வருவோர்க்கு விளக்கம் கூறும் பணியில் அமர்ந்தார். எனினும் பறவையியலை முறையாகப் பயிலவேண்டும் என்ற வேட்கை தணியவில்லை. விடுப்புப் பெற்று ஜெர்மனிக்குச் சென்றார். பெர்லின் நகரில் ஸ்திரேசமன் என்னும் பேரறிஞரை ஆசானாகப் பெற்றார். பறவையின் காலில் எண் பொறித்த வளையத்தை இட்டுப் பறக்கவிட்டு, அது செல்லும் வழியை அறியும் முறையையும் அந்நாட்டிலேயே கற்றார்.

கற்றுத் தேர்ந்து 1930-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பியவருக்குத் துன்பமே காத்திருந்தது. பணமுடையால் அவர் பார்த்துவந்த வேலையை எடுத்துவிட்டார்கள். பட்டம் பெறாதவர் ஆதலின் அரசு ஆய்வுத் துறையிலும் இடம் கிடைத்ததில்லை. நெஞ்சு தளரத் தக்க அந்நாளில் அவருக்குத் துணை நின்றவர் அவருடைய மனைவியார் தெகமினா அம்மையார். இருவரும் கிகிம் என்னும் கடற்கரைச் சிற்றூருக்குக் குடியேறினர். வீட்டின் அருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருந்தன. சலீம் அலி நாள்தோறும் அவற்றைக் கூர்ந்து நோக்கினார். ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண்குருவி வந்து பார்வையிடுகிறது. அதற்குப் பிடித்தால்தான் கூடு முற்றுப் பெறுகிறது. பின்னர் ஆண்குருவி வேறொரு கூட்டைத் தொடங்கி மற்றொரு துணையைத் தேடுகிறது. இவ்வுண்மைகளை அவர் எழுதி வெளியிட்டபோது அறிஞர் உலகம் அவரை நிமிர்ந்து பார்த்தது. வேலை இழந்த காலமே அவருக்குப் புகழின் வித்தாக அமைந்தது.

அக்காலத்தில் நம் நாட்டின் பல பகுதிகள் மன்னர்களின் ஆட்சியில் இருந்தன. அவற்றின் பறவைகளைப் பற்றிய முழுமையான குறிப்பு எதுவும் இல்லை. சலீம் அலி தாமே முன்வந்து, பயணச் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருவதாக அரசுகளுக்கு எழுதினார். ஐதராபாத்திலும், பின்னர்த் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளிலும் காடு மேடெல்லாம் அலைந்து அப்பணியை நிறைவேற்றினார். கூடாரத்தில் தங்கி, கிடைத்ததை உண்டு, அவருடன் அலைந்தார் தெகமினா அம்மையார். 1939-ஆம் ஆண்டில் அவ்வம்மையார் சிறு அறுவை மருத்துவத்திற்குப் பின் திடீரெனக் காலமானார். அத்துயரம் சலீம் அலியை வாட்டிற்று. ஆயினும் பணியிலே அவர் ஆறுதல் தேடினார். 1941-ஆம் ஆண்டில் அவர் இயற்றிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல், வண்ணப் படங்களுடன் வெளிவந்து, எளிய மக்களும் பறவைகளை இனம் கண்டுகொள்ள உதவிற்று.

கட்ச் நாட்டை ஆண்ட மகாராவ் விஜயராஜி இயற்கையில் ஈடுபாடு உடையவர். அவர் விருப்பப்படி 1943, 1944 ஆகிய ஆண்டுகளில் சலீம் அலி அந்நாட்டுப் பறவைகளை ஆராய்ந்தார். பாலைநிலத்தை ஒருமுறை பார்த்தவர் அதனைப் பார்த்தவர் ஆகார். பருவந்தோறும் பார்த்தவரே பார்த்தவர் ஆவர். மழைக்காலத்தில் ஒரு கோலம், பனிக்காலத்தில் ஒரு கோலம், கோடையில் ஒரு கோலம் என அந்நிலம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆடி, ஆவணித் திங்கள்களில் தென்மேற்குக் காற்று கடல் நீரை ரண் நிலத்தினுள் தள்ளும். மழைநீரும் அதனோடு கலக்கும். வறண்ட நிலம் ஆழமற்ற பெரும் ஏரியாகும். கரைமேட்டில் புல் தழைக்கும். கானமயில் அப்புல்வெளியிலே தரையில் முட்டையிடும். பெரும்பாலும் ஒரே முட்டைதான். ஆண் பறவை கழுத்தின் பையைப் பெருக்கி, நெடுந்தொலைவு கேட்கும்படி ஆழ்ந்த குரல் எழுப்பித் துணையை அழைக்கும். மழை ஓயும் முன்பே நடு ஆசியாவிலிருந்து சூறைக்குருவிகள் திரள் திரளாக வந்து சேரும்.

அடுத்து வருவது வழிப்போக்கர்களின் காலம். ஆவணி, புரட்டாசியில், வடக்கே குளிர் தொடங்குமுன் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்ட பறவைகள் கட்ச் வழியாகச் செல்லும். ஐரோப்பியப் பனங்காடையும், கீச்சான் இனங்கள் சிலவும் இவ்வாறு வருவன. அவை சின்னாட்கள் தங்கி இரையுண்டு, உடல் தேறி, மீண்டும் பயணம் தொடரும். சத்திரத்தில் தங்கிச் செல்லும் பயணிகளைப்போல இப்பறவைகள் பாலைநிலத்தைப் பயன்படுத்திக்கொள்கின்றன என்பதைச் சலீம் அலியின் ஆய்வு தெளிவாக்கிற்று.

பனிக்காலத்திலோ விருந்தினர் கூட்டம் நிறையும். சாம்பல் நிறக் கொக்கினங்கள் வரிசை வரிசையாக வானில் வந்திறங்கும். விளைந்த வயல்களில் மேய்ந்து, இரவில் நீர்க்கரையில் தங்கும். கல்கௌதாரிகள் காலையில் கூட்டமாகப் பறந்து வந்து குட்டைகளில் நீர் அருந்தும். குஞ்சுகள் உள்ள காலத்தில் ஆண் கல்கௌதாரி தன் வயிற்றின் இறகுகளை நீரில் நனைத்துச் சென்று குஞ்சுகளின் தாகத்தைத் தீர்க்கும். வறண்ட நிலத்தில் வாழும் உயிர்க்கு இயற்கை அளித்துள்ள வழி எத்துணை நுட்பமானது!

இவற்றிற்கெல்லாம் முடியாக விளங்குவது பூநாரைகளின் நகரம். ரண் நிலத்தின் நடுவே, மனிதர் எளிதில் செல்ல இயலாத இடத்தில் பூநாரைகள் சேற்றைக் குவித்துக் கூம்பு போன்ற கூடுகளைக் கட்டி, அவற்றின் உச்சிக் குழியில் முட்டையிடுகின்றன. கொடிய நரியும் நாயும் அங்கு வருதல் அரிது. உவர்நீரே கோட்டை அகழியாகக் காக்கிறது. 1945-ஆம் ஆண்டில் சலீம் அலி ஒட்டகத்தின் மீது, உப்பும் சேறும் நிறைந்த வழியில் பயணம் செய்து அவ்விடத்தை அடைந்தார். வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த பறவைக் கூட்டம் அங்கு நிலத்தை மூடியிருந்தது. குஞ்சுகளையும் சேர்த்து ஏறத்தாழ ஐந்து லட்சம் பறவைகள் இருக்கும் என்று அவர் மதிப்பிட்டார். மழை பொய்த்து நீர் தேங்காத ஆண்டுகளில் அந்நகரம் வெறுமையாகவே கிடக்கும் என்பதும் அறியப்பட்டது. ஆண்டின் மழையும், கடலின் காற்றும், சேற்றின் ஈரமும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் குஞ்சுகள் பிழைக்கும். அதே 1945-ஆம் ஆண்டில் கட்ச் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது.

நாடு விடுதலை பெற்றபின், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பணமின்றித் தவித்தது. சலீம் அலி பிரதமர் நேருவுக்கு எழுதி உதவி பெற்று அதனைக் காத்தார். 1959-ஆம் ஆண்டில், உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையுடன் பறவைகளுக்கு வளையமிடும் பெரும்பணி அவர் தலைமையில் தொடங்கிற்று. அதன் பயனாக நம் நாட்டுக்கு வரும் பறவைகள் எத்திசையிலிருந்து வருகின்றன என்பது விளங்கலாயிற்று. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து அவர் எழுதிய பெருநூல் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. பட்டம் பெறாத அவருக்குப் பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் அளித்தன. பத்மபூஷண் விருது 1958-இலும், பத்மவிபூஷண் விருது 1976-இலும் அவரை வந்தடைந்தன. பரிசாகக் கிடைத்த பெரும்பொருளை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாமல், இயற்கைப் பாதுகாப்புப் பணிக்கே வழங்கினார்.

அவருடைய முயற்சிகள் அனைத்தும் வெற்றி பெற்றன என்று கூற இயலாது. கானமயிலை நாட்டின் தேசியப் பறவையாகத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று அவர் விரும்பினார். அருகி வரும் பறவைக்குப் பெருமை கிடைத்தால் பாதுகாப்பும் கிடைக்கும் என்பது அவர் எண்ணம். ஆனால் 1963-ஆம் ஆண்டில் மயிலே தேசியப் பறவையாயிற்று. மயில் எங்கும் வாழ்கிறது. கானமயிலோ வேட்டையாலும், புல்வெளிகள் வயல்களானதாலும், பிற்காலத்தில் மின்கம்பிகளில் மோதியும் குறைந்து, இன்று உலகில் இருநூறுக்கும் கீழாகவே எஞ்சியுள்ளது. அவற்றுள் பெரும்பாலானவை ராஜஸ்தானத்தில் ஜைசல்மேரை அடுத்த பாலைவனத் தேசியப் பூங்காவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்கின்றன. 2019-ஆம் ஆண்டு முதல் அங்கு முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளை வளர்க்கும் பணி நடைபெறுகிறது. அவர் அன்று அஞ்சியது வீணன்று என்பதை இந்நிலை காட்டுகிறது.

பூநாரைகளின் நகரம் உள்ளிட்ட ரண் நிலம் 1986-ஆம் ஆண்டில் கட்ச் பாலைவனக் காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 7,500 சதுரக் கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. ஒட்டகத்தின் மீது அவர் சென்று கண்ட நிலம் சட்டத்தின் காவலைப் பெற்றதை அவர் தம் வாழ்நாளிலேயே கண்டார். அடுத்த ஆண்டில், 1987-இல், தமது தொண்ணூறாம் வயதில் அவர் மறைந்தார். 1990-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் நிறுவப்பெற்ற பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சலீம் அலியின் செல்வம் ஒரு தொலைநோக்கியும், ஒரு குறிப்பேடும், காத்திருக்கும் பொறுமையுமே ஆகும். ஒன்றுமில்லை என்று பிறர் கடந்து சென்ற நிலத்தில் அவர் நின்று பார்த்தார். பார்த்ததை மிகைப்படுத்தாமல் எழுதினார். எழுதியதைக் காக்க முயன்றார். நம் ஊரின் ஏரிக்கும் தரிசுக்கும் எந்தப் பறவை எந்தத் திங்களில் வருகிறது என்று அறிய விரும்பும் மாணவர் இம்மூன்றையும் மேற்கொள்வாராக.