எலோராவில் பிறந்த எங்கள் மருமகள்

ரொறன்ரோவில் இருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போனால் எலோரா என்ற சிற்றூர் வரும். கோடையில் எம்மவர் பலர் ஆற்றைப் பார்க்கப் போகும் இடம். 1873இல் அங்கே பிறந்த மேரி ஏர்வின், பின்னாளில் எங்கள் மருமகளாக, வைத்தியர் மேரி ரட்ணமாக ஆனவர்.

ரொறன்ரோவில் மருத்துவம் படித்து முடித்தவருக்கு யாழ்ப்பாணத்தில் மிஷன் வைத்தியசாலை வேலை காத்திருந்தது. ஆனால் அவர் மணந்தது கனகரட்ணம் என்ற தமிழரை. அதை அறிந்ததும் மிஷன் கதவைச் சாத்தியது. (சாதி பார்ப்பவர்கள் நாம் மட்டும்தான் என்றில்லை.) கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். பெண்களின் வாக்குரிமைக்குப் போராடினார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண்ணும் அவரே. 1958இல் மக்சேசே விருது கிடைத்தது.

நாம் அவரை நினைப்பது வேறொரு காரணத்துக்காக. ஓயாத பிரசவங்களில் உருக்குலைந்த பெண்களை அவர் அன்றாடம் பார்த்தார். பாடசாலைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார். கருத்தடை என்ற சொல்லையே வீட்டில் உச்சரிக்காத காலத்தில் அதைப் பகிரங்கமாகப் பேசினார். 1953இல் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு ஏறக்குறைய எண்பது வயது.

இன்று அவர் படித்த அதே நகரத்துப் பல்கலைக்கழகங்களில் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவசர கருத்தடைக் குளிசை என்று ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அது கருவைக் கலைக்கும், பிறகு பிள்ளையே பிறக்காது என்றும் நம்புகிறார்கள். இரண்டும் பிழை. அது முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே தங்கிய கருவை ஒன்றும் செய்யாது. பின்னாளில் தாயாவதையும் கெடுக்காது. வழமையான குளிசையை 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், எவ்வளவு விரைவாகவோ அவ்வளவு நல்லது. ஐந்து நாட்களுக்குள் வைத்தியர் வைக்கும் செப்பு லூப் அதைவிட உறுதியானது. ஒன்ராறியோவில் இந்தக் குளிசைக்கு வைத்தியரின் சீட்டுத் தேவையில்லை. இது பெடியன்களும் அறிந்திருக்க வேண்டிய விடயம்.

வன்புணர்வுக்கு ஆளான பிள்ளைக்கு இந்த மணித்தியாலங்கள் இன்னும் பெரியவை. அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்குமோ என்ற பயத்திலேயே அவை கழிந்துவிடும்.

மேரி ரட்ணம் 1962இல் காலமானார். அவர் தொடங்கிவைத்த சங்கம் இன்றும் கொழும்பில் இயங்குகிறது.