ஸர் ஜோஸப் விட்வொர்த்தும் அவர் செய்த துப்பாக்கியும்

இரும்புத் தொழிலைப் பரம்பரையாகக் கொண்ட நம் சங்கத்துக் குடும்பங்களில் விட்வொர்த் என்னும் பெயரைக் கேளாதவர் அரியர். மரை வெட்டும் டை வாங்கக் கடைக்குப் போகும் சிறுவனும் அப்பெயரைச் சொல்லியே கேட்டு வாங்கிவந்த காலம் ஒன்றிருந்தது. மெட்ரிக் மரை எங்கும் பரவிய பின்னரும், பழைய லேத்துக்களையும் பம்புகளையும் பிரித்துப் பழுது பார்ப்போர் அந்த 55 பாகைப் புரியை இன்றும் கண்டுவருகின்றனர். ஆயினும் அப்பெயர் உயிரோடு நடமாடிய ஒரு மனிதருடையது என்பதையும், சுட்ட குண்டு ஏன் குறி தவறுகிறது என்னும் ஒரு வினாவுக்காக அம்மனிதர் பல ஆண்டுகளைச் செலவிட்டார் என்பதையும் அறிந்தோர் சிலரே. ஆதலின் அவருடைய சரிதத்தை, சிறப்பாகத் துப்பாக்கியைப் பற்றிய பகுதியை, நம் அன்பர்களுக்கு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

ஜோஸப் விட்வொர்த் 1803-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 21-ந் தேதி இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். பின்னர்க் கிறிஸ்தவ போதகருமானவர். 14-ம் வயதில் டார்பிஷையரில் இருந்த மாமனின் பஞ்சாலையில் தொழில் பழக விடப்பட்டார். பிற்காலத்தில் அவ்வாலையில் இவரைப் பங்காளியாக்குவதே குடும்பத்தார் எண்ணம். இவருக்கோ நூலைவிட நூற்கும் யந்திரத்தின்மீதே கண். நான்காண்டுக்குள் அங்குள்ள யந்திரமனைத்தையும் கற்றுக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் மான்செஸ்டருக்கு ஓடிப்போய்ச் சாதாரணக் கூலித்தொழிலாளியாக அமர்ந்தார். பெற்றோர் அமைத்த வசதியைத் துறந்து கூலிக்குப் போன பிள்ளையை நம் வீடுகளில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நாம் எழுத வேண்டுவதில்லை.

1825-ல் லண்டன் சென்று, அக்காலத்தில் யந்திரத் தொழிலுக்கே ஆசானாக விளங்கிய ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் சேர்ந்தார். பிழையற்ற சமதளத்தைச் செய்யும் முறையை இவர் கண்டது அங்கேதான். இரண்டு இரும்புத் தகடுகளை மணல் இட்டு ஒன்றோடொன்று தேய்த்தால், ஒன்று குழிந்தும் மற்றொன்று அதற்கேற்பப் புடைத்தும் போகக்கூடும். இரண்டும் பொருந்தும், ஆனால் இரண்டும் தவறு. மூன்று தகடுகளை எடுத்துச் செந்நிறக் குழம்பு பூசி, மாறி மாறி ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, நிறம் பட்ட மேட்டை மட்டும் சுரண்டிக்கொண்டே வந்தால், மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும்போது மூன்றும் உண்மையான சமதளமாகவே இருந்து தீரும். இஃது எளிதாகத் தோன்றும், பொறுமையில்லாதவனுக்குக் கைகூடாது.

1833-ல் மான்செஸ்டருக்குத் திரும்பிச் சொந்தப் பட்டறை வைத்தார். 1841-ல் திருகாணிப் புரிகளுக்கெல்லாம் ஒரே அளவுமுறையை வகுத்தளித்தார். 1851-ம் ஆண்டுப் பெருங்கண்காட்சியில் இவர் வைத்த அளவுக்கருவி ஓர் அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் காட்டியது. அதன் கணக்கைப் பட்டறைப் பிள்ளைகள் அறிந்துகொள்வது நலம். அங்குலத்துக்கு 20 புரியுள்ள ஒரு திருகு. அதனைச் சுழற்றும் 200 பற்களுள்ள ஒரு சக்கரம். அதனை ஒரு பல் வீதம் நகர்த்தும் மற்றொரு சக்கரத்தின் விளிம்பில் 250 கோடுகள். இருபதை இருநூறாலும், வந்ததை இருநூற்றைம்பதாலும் பெருக்கினால் பத்து லட்சம். இதில் மந்திரமொன்றுமில்லை.

இத்தகையவரை 1854-ல் ஆங்கில அரசாங்கம் நாடியது. கிரிமியா யுத்தம் மூண்ட சமயம். துப்பாக்கிகளோ பெரும்பாலும் கையால் செய்யப்பட்டவை. அரசாங்கத்தார் இவரிடம் கேட்டது துப்பாக்கி செய்யும் யந்திரங்களை மட்டுமே. இவர் அதற்கு இணங்கவில்லை. ஒரே மாதிரியில் செய்த துப்பாக்கிகளுள் ஒன்று நன்கு சுடுவதும் மற்றொன்று வழிதவறிச் சுடுவதும் ஏன் என்பதற்கு எத்தொழிலாளியும் காரணம் சொல்லக் காணோம். காரணம் தெரியாத பொருளை ஆயிரக்கணக்கில் செய்யும் யந்திரம் பிழையையே ஆயிரக்கணக்கில் செய்யும் என்பது இவர் கொள்கை. முதலில் ஆராய்ச்சி, பின்னரே யந்திரம் என்று உறுதியாக நின்றார். ஆராய்ச்சிக்காகத் தமக்கு ஊதியம் எதுவும் வேண்டாமென்றும், செலவை மட்டும் அரசாங்கம் ஏற்கட்டுமென்றும் ஒப்புக்கொண்டார்.

மான்செஸ்டருக்கு அடுத்த ரஷோம் என்னுமிடத்தில், இவர் இல்லத்து நிலத்திலேயே, 500 கெஜ நீளமுள்ள ஒரு சுடுகூடம் எழும்பியது. அகலம் 16 அடி, உயரம் 20 அடி. மேலே ஓட்டுக்கூரை. இவ்வளவும் எதற்கெனில், காற்று குண்டைத் தள்ளாமல் இருப்பதற்காக. கட்டி முடிந்த சிறிது காலத்தில் புயல் வந்து அதனை வீழ்த்திவிட்டது. மீண்டும் கட்டி, 1855-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆராய்ச்சி தொடங்கிற்று. வழிநெடுக மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டு அவற்றினூடே சுட்டார். திரைதோறும் விழுந்த துளைகளை அளந்தால் குண்டு சென்ற வளைவு கோடு கிழித்ததுபோல் தெரிந்தது. துளை வட்டமாயிருந்தால் குண்டு மூக்கை முன்னிட்டுச் செல்கிறது. நீண்டிருந்தால் புரண்டுகொண்டு செல்கிறது. காகிதம் பொய் சொல்லாத சாட்சியாயிற்று.

இவ்விடத்தில், துப்பாக்கியைக் கையாளாத நம் அன்பர்களுக்காகக் குறியைச் சரிகட்டும் முறையைச் சற்று விளக்குவோம். கண் பார்க்கும் வழி நேர்கோடு. குண்டு செல்லும் வழி வளைவு. குழலை விட்ட கணமே குண்டு பூமியை நோக்கி விழத் தொடங்குகிறது. ஆதலால் குழலின் பின்புறத்துள்ள பின்குறியைத் தூரத்துக்கேற்ப உயர்த்தி, குழல் சிறிது வானோக்கி நிற்குமாறு செய்ய வேண்டும். வேட்டைக்காரர் புதுத் துப்பாக்கி வாங்கினால் நேரே காட்டுக்குப் போவதில்லை. கட்டையின் நீளத்தைத் தம் கைக்கேற்பக் குறைத்தோ கூட்டியோ கொள்வர். இழுக்கும் விசை கடினமாயிருப்பின் கொல்லனைக்கொண்டு இளக்குவர். பின்னர்ச் சுடுகளத்தில் துப்பாக்கியை மூட்டையின்மேல் அசையாது தாங்கவைத்து, ஒரே புள்ளியை நோக்கிப் பலமுறை சுடுவர். குண்டுகள் ஓரிடத்தில் கூடி விழ வேண்டும். அவ்விடம் நடுப்புள்ளியாய் இராவிடினும் கவலையில்லை. கூடி விழுந்தால் பின்குறியை நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவரலாம். சிதறி விழுந்தாலோ எத்தனை நகர்த்தியும் பயனில்லை. பிழை குறியில் இல்லை, குழலிலோ குண்டிலோ கையிலோ இருக்கிறது. குண்டு எப்பக்கம் போக வேண்டுமோ அப்பக்கமே பின்குறியை நகர்த்துக, முன்குறியாயின் எதிர்ப்பக்கம். இரண்டு குறிகளுக்கும் இடையே ஒரு கெஜம் இருக்குமாயின், அங்குலத்தில் நூற்றிலொரு பங்கு நகர்த்தினால் 100 கெஜத்தில் குண்டு ஓர் அங்குலம் மாறும். 400 கெஜத்தில் நாலங்குலம். அரத்தை ஒரு முறை அதிகமாக இழுத்தவன் மானைத் தவறவிடுவான். அதனினும் கொடிது, அதனைக் காலில் காயப்படுத்தித் துன்புற ஓடவிடுவான். நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் வேட்டை பழங்கதையாய்விட்டது. அதில் நமக்கு வருத்தமில்லை. ஆயினும் இக்கணக்கு நுட்பமானது.

விட்வொர்த் முதலில் தேடியது குண்டுகள் கூடி விழுவதற்கான வழியையே. அப்போது சேனையில் வழங்கிய என்பீல்டு துப்பாக்கியின் குழல் விட்டம் 0.577 அங்குலம், உட்புரி 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஏறத்தாழ ஒரு கெஜமுள்ள குழலைக் கடப்பதற்குள் குண்டு அரைச்சுற்றுக்கூடச் சுழலாது. பலவகைப் புரிகளையும் குண்டுகளையும் சோதித்து இவர் கண்ட முடிவு இது: விட்டம் 0.45 அங்குலம், 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று, குழலின் உள்வெட்டு வட்டமன்று, அறுகோணம். அவ்வறுகோணத்துக்கு இசைய முறுக்கிய குண்டு. ஈயத்தின் எடை 530 கிரெய்ன், மருந்து 70 கிரெய்ன். இவை என்பீல்டுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே மிகுதியாக மருந்து கொட்டி வென்றாரென்று எவரும் குறைகூற இடமில்லை. அதே ஈயத்தை மெலிதாகவும் நீளமாகவும் ஆக்கி, விரைந்து சுழலவிட்டார், அவ்வளவே.

1857-ம் ஆண்டு ஏப்ரலில் ஹைத் என்னும் கடற்கரையூரில் இரண்டையும் ஒப்பிட்டுச் சுட்டனர். 500 கெஜத்தில் என்பீல்டின் குண்டுகள் நடுவினின்று சராசரி 2.24 அடி விலகின. விட்வொர்த்தின் குண்டுகள் 0.37 அடி. 1,100 கெஜத்தில் முன்னது 8.04 அடி, பின்னது 2.62 அடி. 1,400 கெஜத்தில் என்பீல்டுக்குக் கணக்கெடுக்க இயலவில்லை, விட்வொர்த்துக்கு 4.62 அடி. இதற்குமேல் வேறு சான்று எதற்கு?

ஆயினும் அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. 1859-ல் விசாரித்த குழுவினர் குழல் மிகச் சிறியதென்றனர். சில முறை சுட்டவுடன் கருமருந்தின் புகைக்கரி அறுகோண மூலைகளில் படிந்து அடுத்த குண்டை இடுவது கடினமாயிற்று. விலையோ என்பீல்டைவிடப் பல மடங்கு. இதில் அதிகாரிகளை மட்டும் பழிப்பது நியாயமன்று என்பது நம் கருத்து. கூடத்துள் காற்றில்லை, மழையில்லை, நடுங்கும் கையில்லை. போர்க்களத்துச் சேற்றில் நிற்கும் சிப்பாய்க்கு வேண்டுவது வேறு. விட்வொர்த் இதனைக் காதில் வாங்கும் சுபாவமுடையவரல்லர். தமக்குத் தெரிந்ததில் ஒரு நூலளவும் விட்டுக்கொடுக்க மாட்டார். பெரும் பீரங்கி செய்த ஆம்ஸ்டிராங்கோடு இவர் நடத்திய வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

1860-ம் ஆண்டு ஜூலை மாதம் 2-ந் தேதி இவர் வாழ்வில் மறக்கவொண்ணாத நாள். தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் முதற்கூட்டம் விம்பிள்டன் வெளியில் நடந்தது. அதனை முதல் வேட்டுச் சுட்டுத் தொடங்கிவைக்க விக்டோரியா ராணியார் இசைந்தார். ராணியார் சுட்ட குண்டு குறி தவறினால் ஊர் சிரிக்கும். விட்வொர்த் தம் துப்பாக்கியை இரும்புத் தாங்கி ஒன்றில் இறுக்கி, முன்னரே பலமுறை சுட்டுப்பார்த்து, திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் குறியைச் சரிகட்டி வைத்திருந்தார். ராணியார் செய்ததெல்லாம் விசையிற் கட்டிய பட்டுக்கயிற்றை இழுத்ததே. 400 கெஜத்துக்கப்பால் குண்டு நடுப்புள்ளிக்கு ஒன்றேகால் அங்குலத்தில் பதிந்தது. ஜனங்கள் ராணியாரைக் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியது அத்திருகுகளையன்றோ! மேலே சொன்ன கணக்குப்படி, பின்குறியில் அங்குலத்தின் முந்நூற்றிலொரு பங்கு வேறுபாடு அவ்வளவு தூரத்தை ஏற்படுத்திவிடும்.

தாங்கியின் உதவியால் வந்த பெயரென்று முணுமுணுத்தவர்களுக்கு அக்கூட்டத்திலேயே விடை கிடைத்தது. ராணியார் பரிசுக்கான நெடுந்தூரப் போட்டியில் விட்வொர்த் துப்பாக்கியைத் தோளில் வைத்தே சுட்டு வென்றவர் எட்வர்டு ராஸ் என்னும் 19 வயது இளைஞர். ஸ்காட்லாந்து மலைகளில் மான்வேட்டைக்குப் பேர்போன ஹொரேஷியோ ராஸின் புதல்வர் அவர். பின்னர் வேட்டைக்காரர்களுக்கென்றே இலேசான கட்டையோடு ஒற்றைக்குழலும் இரட்டைக்குழலும் விட்வொர்த் கம்பெனி செய்து விற்றது. இரட்டைக்குழல் செய்வது பெருந்தொல்லை. இரண்டு குழலும் ஒரே புள்ளியில் அடிக்க வேண்டும். சுட்டுப்பார்ப்பதும், குழல்முனைகளுக்கிடையே உள்ள ஆப்பை நகர்த்துவதும், மீண்டும் பற்றவைப்பதுமாகப் பல நாள் கழியும்.

இவ்வளவு புகழோடு ஒரு கறையையும் சொல்லாமல் விட நமக்கு மனமில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்க எழுந்த தென்னாட்டார், கடற்காவலுக்குத் தப்பிச் சிறுதொகையான விட்வொர்த் துப்பாக்கிகளை வாங்கிச் சென்றனர். தேர்ந்த குறிவீரர்களுக்கே அவை கொடுக்கப்பட்டன. சிலவற்றில் கர்னல் டேவிட்சன் அமைத்த தொலைநோக்கியும் இடப்பக்கத்தில் பொருத்தப்பட்டிருந்தது. அந்த டேவிட்சன் நம் இந்தியாவில் கம்பெனிச் சேனையில் இருந்தபோது வேட்டைக்காகத் துப்பாக்கியில் தொலைநோக்கி வைத்துப் பழகியவர். 1864-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி ஸ்பாட்ஸில்வேனியாவில் வடநாட்டுத் தளபதி செட்ஜ்விக் வெகு தூரத்திலிருந்து வந்த ஒரே குண்டால் மாண்டார். அக்குண்டு விட்வொர்த் துப்பாக்கியினின்று வந்ததென்பது பலர் கொள்கை. மான்செஸ்டர்க் கூடத்தில் காகிதத்தைத் துளைத்த நுட்பம் கடல் கடந்து எத்தரப்பாருக்கு உதவிற்று என்பதை நினைக்கையில், இவரைப் போற்றும் நம் நா சிறிது தயங்கவே செய்கிறது.

பிற்காலத்தில் இவர் உருகிய எஃகைப் பெரும் அழுத்தத்தில் இறுக்கி, உட்குமிழில்லாத உலோகமாக்கும் வழியைக் கண்டார். வேட்டைத் துப்பாக்கிக் குழல்களுக்கு அவ்வெஃகே மேலென்று புகழ்பெற்ற கம்பெனிகள் பல ஆண்டுகள் வாங்கின. 1868-ல் இளைஞர் யந்திரக்கல்வி பெறுதற்பொருட்டு, ஆண்டுக்கு 100 பவுன் வீதம் 30 உபகாரச் சம்பளங்களை நிறுவினார். வேலை செய்த கையும் படித்த தலையும் ஒருவனிடமே இருக்க வேண்டுமென்பது இவர் விருப்பம்; ஆதலின் பட்டறையில் பழகியவர்களுக்கும் கல்லூரியில் பயின்றவர்களுக்கும் ஒருங்கே வழி திறந்தார். மறு ஆண்டு பாரனெட் பட்டம் வந்தது. பிள்ளைப்பேறு இல்லை. செல்வத்தின் பெரும்பகுதி மான்செஸ்டர் நகரத்துப் பூங்காவுக்கும் சித்திரசாலைக்கும் மருத்துவமனைக்கும் கல்விச்சாலைக்கும் போயிற்று.

1887-ம் ஆண்டு ஜனவரி மாதம் 22-ந் தேதி, உடல்நலத்துக்காகச் சென்றிருந்த மான்டிகார்லோவில் காலமானார். டார்பிஷையரில் டார்லி டேல் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். சிறிதென்று தள்ளப்பட்ட 0.45 அங்குலக் குழலை ஆங்கிலச் சேனை 1871-ல் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியில் ஏற்றிருந்தது. இவர் இறந்த மறு ஆண்டில் அதனினும் சிறிய 0.303 அங்குலக் குழலுக்கு மாறிற்று.