ராக் அண்ட் ரோல் கிட்டாரின் தாய்

ராக் அண்ட் ரோல் கிட்டார் பழகுபவர்கள் தனி வாசிப்புக்காக முதலில் பயில்வது 'லிக்' எனப்படும் சிறு துணுக்குகளை. நம் ராகங்களின் பிடிகளைப் போல இவையும் ஒருவர் வாசிக்கக் கேட்டு மற்றவர் எடுத்துக்கொண்டு வளர்ந்தவை. எல்விஸ், சக் பெர்ரி என்று வேரைத் தேடிப் போனால், அவர்களுக்கும் முன்னால் கிட்டாரோடு நிற்கிறார் ஒரு பெண்மணி: சிஸ்டர் ரோசெட்டா தார்ப்.

1915-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் காட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தாயார் கேட்டி பெல் மாண்டலின் வாசித்துப் பாடியபடி ஊர் ஊராகச் சென்று மதப் பிரசங்கம் செய்தவர். அவரோடு போன ரோசெட்டா, பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்பே கிட்டாரைக் கையில் எடுத்துவிட்டார். தேவாலயமே அவருக்கு இசைப் பள்ளி.

1938-ல், 23 வயதில், டெக்கா நிறுவனத்துக்காகப் பாடினார். பக்திப் பாடல்களை இரவு விடுதி மேடைக்குக் கொண்டுபோனார் என்று தேவாலயத்தார் பலர் முகம் சுளித்தார்கள். அவரோ இரண்டையும் விடவில்லை. மின்சார கிட்டாரில் தந்தியை வளைத்து, ஒவ்வொரு ஸ்வரமாகத் தெறிக்க விட்டு வாசித்தார். 1944-ல் அவர் பதிவுசெய்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே' மறு ஆண்டு கறுப்பின இசைக்கான பில்போர்டு பட்டியலில் 2-ஆம் இடம் பிடித்தது. முதல் ராக் அண்ட் ரோல் இசைத்தட்டு இதுதான் என்பாரும் உண்டு.

1947-ல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில், 14 வயதுப் பையன் ஒருவன் பாடியதைக் கேட்டு அவனைத் தன் மேடையில் ஏற்றினார். அவன்தான் பின்னாளில் உலகம் கொண்டாடிய லிட்டில் ரிச்சர்ட். 1951-ல் வாஷிங்டனில் ஒரு விளையாட்டு அரங்கில் நடந்த இவரது திருமணத்துக்கு, சீட்டு வாங்கி வந்தவர்கள் ஏறத்தாழ 25,000 பேர்!

1964-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், பயன்பாட்டில் இல்லாத ஒரு ரயில் நிலையத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சி. மழை கொட்டியது. நனைந்த பிளாட்பாரத்தில் கோட்டு அணிந்து நின்றபடி, மழையைப் பற்றிய பாட்டையே எடுத்து வாசித்தார். எதிர் பிளாட்பாரத்தில் இருந்த இளைஞர்கள் சொக்கிப்போனார்கள்.

1970-ல் பக்கவாதம் வந்தது. நீரிழிவால் ஒரு காலையும் இழந்தார். அதன் பிறகும் மேடையேறினார். 1973 அக்டோபர் 9 அன்று பிலடெல்பியாவில், 58 வயதில் காலமானார். அவரிடமிருந்து கற்றவர்கள் புகழின் உச்சியில் இருந்தபோது, அவர் கல்லறையில் 30 ஆண்டுகளுக்கு மேல் பெயர் பொறித்த கல்கூட இல்லை. பிறகு ரசிகர்கள் நிதி திரட்டிக் கல் நட்டார்கள். ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் 2018-ல்தான் அவரைச் சேர்த்துக்கொண்டது.

கிட்டார் கற்கும் நம் பிள்ளைகள் அந்த மான்செஸ்டர் பதிவை யூடியூபில் ஒருமுறை பார்க்கட்டும். பாடத்தில் வரும் பல துணுக்குகளை அந்த விரல்களில் அடையாளம் காண்பார்கள். யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வதும் பாடத்தில் ஒரு பகுதிதானே!