வில்லியம் மில்லரின் கணக்கு

உலகம் இன்ன நாளில் முடியும் என்று அறிவித்தவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அமெரிக்கரான வில்லியம் மில்லர் அந்தச் சொல்லுக்குள் அடங்காதவர். பொருளாதார முன்கணிப்புகளைப் பல்லாண்டுகள் கற்பித்தவன் என்பதால், அவருடைய வாழ்க்கையை என்னால் அயலார் கதையாகப் படிக்க முடிவதில்லை.

1782இல் பிறந்த மில்லர், நியூயார்க் மாநிலத்தின் லோ ஹாம்ப்டன் என்னும் சிற்றூரில் வளர்ந்த விவசாயி. இளமையில் வேதாகமத்தை இறைவாக்காக ஏற்காதவர். 1814இல் பிளாட்ஸ்பர்க் போர்க்களத்தில், தம்மினும் பெரிய பிரிட்டிஷ் படையை அமெரிக்கர் தடுத்து நிறுத்தியதைக் கண்டபோது, மனித ஆற்றலுக்கு அப்பாலான ஒரு கையை அவர் உணர்ந்தார். 1816இல் கிறிஸ்தவ விசுவாசத்துக்குத் திரும்பி, வேதாகமத்தை வரிவரியாக இரண்டாண்டுகள் ஆராய்ந்தார்.

தானியேல் நூலின் எட்டாம் அதிகாரம் 2,300 நாள்களைக் குறிப்பிடுகிறது. ஒரு நாளை ஓர் ஆண்டாகக் கொண்டு, கி.மு. 457இல் பாரசீக மன்னர் எருசலேம் குறித்துப் பிறப்பித்த ஆணையிலிருந்து அவர் எண்ணினார். 1843 என்ற விடை வந்தது. அதுவே கிறிஸ்துவின் இரண்டாம் வருகைக் காலம் என முடிவு செய்தார். 1818இல் கண்ட இந்த விடையை 1831 வரை பொதுமேடையில் பேசத் தயங்கினார். 1840இல் ஜோஷுவா ஹைம்ஸ் பாஸ்டனில் பத்திரிகை தொடங்கியபின், ஒரு விவசாயியின் ஆய்வு பெரும் இயக்கமாயிற்று.

1844 மார்ச் 21ஆம் நாளோடு அவர் குறித்த காலம் முடிந்தது. எதுவும் நிகழவில்லை. மில்லர் பிழையை ஒப்புக்கொண்டார். ஆனால், கி.மு.வுக்கும் கி.பி.க்கும் இடையே பூச்சிய ஆண்டு இல்லை என்பதால் ஓராண்டு கூட்ட வேண்டும் என்றனர் சிலர். சாமுவேல் ஸ்னோ, அக்டோபர் 22 என்று நாளையே குறித்தார். தயங்கிய மில்லர், கடைசி இரு வாரங்களில் இசைந்துவிட்டார். சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் விட்டனர். சிலர் கடைகளை மூடினர். மறுநாளும் வழக்கம்போல் விடிந்தது.

சொன்னது நிறைவேறாவிட்டால் அது இறைவன் சொன்னதன்று என்கிறது உபாகமம். அந்த அளவுகோலில் மில்லர் தோற்றவரே. எனினும், தாம் தரிசனம் கண்டதாக அவர் உரிமை கோரியதில்லை. கணக்கு ஒன்றையே முன்வைத்தார். ஆபத்தும் அங்கேதான் இருந்தது. தரிசனத்தைச் சந்தேகிப்பவர்கூடக் கணக்கின் முன் அடங்கிவிடுகிறார். மில்லரின் கழித்தலை ஓராண்டு திருத்தியவர்கள், ஒரு நாள் ஓர் ஆண்டு என்ற எடுகோளைத் தொடவில்லை. பொருளாதார மாதிரிகள் பொய்க்கும்போது எங்கள் துறையினரும் பெரும்பாலும் எண்களையே திருத்துகிறோம், எடுகோள்களை விட்டுவிடுகிறோம். நானும் அதற்கு விலக்கல்லன்.

1845இல் அவருடைய பாப்டிஸ்ட் சபை அவரை விலக்கியது. அதே ஆண்டு, கணிப்பில் தவறியதை அச்சிலேயே அறிவித்தார். அக்டோபர் 22இல் விண்ணுலகில் வேறொன்று நிகழ்ந்தது என்ற புது விளக்கத்தைச் சீடர்களில் ஒரு பகுதியினர் பற்றிக்கொண்டனர். அவர்களிடமிருந்தே பின்னாளில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை உருவாயிற்று. அந்த விளக்கத்தில் மில்லர் தஞ்சம் புகவில்லை. வருகை அண்மையில் உள்ளது என்ற நம்பிக்கையோடு 1849 டிசம்பர் 20இல் காலமானார்.

அவரைக் கள்ளத் தீர்க்கதரிசி என்றழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால், அவருடைய நேர்மை அறுக்காமல் விட்ட பயிரை எவருக்கும் மீட்டுத் தரவில்லை. முன்கணிப்புச் சொல்லும் எவரும், அது பொய்த்தால் இழப்பவர் யார் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.