வேரிலிருந்து வந்த வைத்தியம்: டாக்டர் ருஸ்தம் வகீல்

நம்ம செட்டு நண்பர்கள் சந்தித்ததும் முதலில் கேட்பது பிள்ளைகளைப் பற்றி, அடுத்தது, பி.பி. எவ்வளவு என்று! டேனரி வாசலில் உப்பு மூட்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பு வேண்டும். நம் உடம்பில் அது கூடினால் வம்பு. ஆகவே பி.பி. மருந்துக்கு வழிகாட்டிய ஒரு பெரியவரை இந்த மலரில் நினைவுகூர்வது பொருத்தமே.

ருஸ்தம் ஜால் வகீல் 1911-ல் பம்பாயில் பிறந்தார். லண்டனில் மருத்துவம் பயின்று ஊர் திரும்பினார். அந்நாளில் இரத்தக்கொதிப்புக்கு ஓய்வும் உப்பில்லாச் சாப்பாடும்தான் வைத்தியம். சர்ப்பகந்தா வேர் நாட்டு வைத்தியத்தில் வெகுகாலமாக இருந்தது. அது கொதிப்பைத் தணிப்பதாக 1931-லேயே கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதியிருந்தார்கள். வெளிநாட்டார் கண்டுகொள்ளவில்லை. வகீல் விடவில்லை. 50 நோயாளிகளுக்குக் கொடுத்து, அளந்து, 1949-ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது! 1952-ல் சுவிஸ் நாட்டு சீபா கம்பெனியார் அவ்வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். வகீலுக்கு 1957-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருதும், 1958-ல் பத்மபூஷணும் கிடைத்தன.

ஆனால் ரிசர்பினை மட்டும் அதிகமாகக் கொடுத்தால் சிலருக்கு மனச்சோர்வு வந்தது. அளவைக் குறைத்து வேறு மருந்துகளோடு சேர்த்தார்கள். ஹைட்ரலசின் இரத்தக்குழாயைத் தளர்த்தும், ஆனால் நெஞ்சு படபடக்கும். ரிசர்பின் அந்தப் படபடப்பை அடக்கும். உடம்பில் தங்கும் உப்பையும் நீரையும் தையசைடு வெளியேற்றும். ஒன்றின் குறையை இன்னொன்று தீர்க்கிறது. இம்மூன்றையும் சேர்த்து அமெரிக்காவில் 143 ஆண்களிடம் சோதித்த முடிவு 1967-ல் வந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு. நிஜ மருந்து சாப்பிட்டவர்களில் 2 பேருக்கு மட்டுமே. நம் அப்பாமார் சாப்பிட்ட அடல்பேன்-எசிட்ரெக்ஸ் இதே வழிவந்த மாத்திரைதான்.

வகீல் 1974-ல் மறைந்தார். இன்று ரிசர்பின் அரிதாகிவிட்டது. ஆனாலும் குறைந்த அளவில் பல மருந்துகளைச் சேர்க்கும் வழி நிலைத்தது. இரண்டு மருந்து சேர்ந்த பி.பி. மாத்திரைகளை 2019-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

நண்பர்களே, தலை சுத்தலை, எனக்கு ஒண்ணுமில்லை என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். கொதிப்பு சொல்லிக்கொண்டு வருவதில்லை. டாக்டர் ரெண்டு மாத்திரை எழுதினால் நோய் முற்றிவிட்டது என்று பயப்படவும் வேண்டாம். மாணவத் தம்பி தங்கைகளே, இந்த வாரமே அப்பா அம்மாவின் பி.பி.யைப் பார்த்துவிடுங்கள். அடுத்த சந்திப்பிலும் எல்லா நாற்காலியும் நிறைந்திருக்க வேண்டும்!